படையலில் வைத்த மாத்திரை

ஏழுமலைக்கு, அப்பா வாய்விட்டுச் சொல்ல, எதிர்வீட்டு டீச்சரம்மா எழுதுவது. என் பேச்சை அவர் தன் எழுத்தில் போட்டுக்கொள்கிறார். அடுத்தவர் சொன்னதை மட்டும் சொன்னபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ நெமிலிச்சேரிக்கு வந்து, மாட்டை விற்றுவிட்டு ஆவடிக்கே வந்துவிடு, குவார்ட்டர்ஸில் பின்னறையை ஒழித்து வைத்திருக்கிறேன் என்றாய். நானும் சரி என்றேன். உன் மாமியாரும் அங்கேதான் இருக்கிறார், அவருக்கும் பிரஷர், எனக்கும் பிரஷர், இரண்டு பேர் மாத்திரையையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்தால் மருமகள் சரசு ஒரே வேளையில் எடுத்துக் கொடுத்துவிடுவாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்த டப்பாப் பேச்சு வந்ததும் நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். மாடு அப்போதுதான் குடித்திருந்தது. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் இந்தக் கடிதம். ஆடி மாதம் நான் தண்டவாளத்தில் விழுந்தது கால் இடறி இல்லை. உன் அம்மாவைப் பார்த்துக்கொண்டு போனதால் விழுந்தேன்.

எனக்கு எழுத்து வராது, அது உனக்குத் தெரியும். பட்டாபிராமில் பால் ஊற்றிய காலம் முழுக்க எந்த வீட்டுக்கு எத்தனை ஆழாக்கு, எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்து கூட ஊற்றினேன், எந்த வீட்டம்மா ஊருக்குப் போயிருந்தாள், எல்லாம் என் தலையில்தான் இருந்தது. ஒருவரும் ஒருநாளும் கணக்குத் தப்பு என்று சொன்னதில்லை. அந்தத் திமிரில்தான் மாத்திரையையும் தலையிலேயே வைத்துக்கொண்டேன். என் மாத்திரை அட்டையில் நீலக் கோடு. உன் அம்மாவுடைய அட்டையில் சிவப்புக் கோடு. இரண்டிலும் உள்ளே இருப்பது வெள்ளையாக, வட்டமாக, நடுவில் ஒரு கீறலோடு இருக்கும். அட்டையைவிட்டு வெளியே வந்துவிட்டால் எது யாருடையது என்று தெரியாது. எழுத்துப் படித்தவனுக்கும் தெரியாது.

உன் அம்மா எப்படிப் போனாள் என்று நீ அறிவாய், ஆனாலும் அந்த வாரங்களை ஒருமுறை சொல்லியாக வேண்டும். சரசுவுக்குக் குழந்தை தங்க வேண்டும் என்று மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் கொண்டுவருவதாக வேண்டிக்கொண்டாள். கோயிலுக்குப் போகும் நாளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். மாத்திரையும் ஒரு ஆகாரம்தானே என்று அதையும் விட்டாள். முதல் வாரம் ஒருநாள் விட்டவள், ஒன்றும் ஆகவில்லையே என்று அடுத்தடுத்த வாரங்களில் முன்னாலும் பின்னாலும் சேர்த்து விட்டாள். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, எனக்கு இன்னா வந்துட்டுது என்று கேட்டாள். இந்த நோய் அப்படித்தான், வெளியே எதையும் காட்டாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும் என்று பிறகு டாக்டரம்மா சொன்னார். கடைசி வாரம் பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, பூந்தமல்லி வரும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து நான் அசையாமல் உட்கார்ந்து வந்தேன். வேண்டுதல் பலித்தது, உன் மகள் பிறந்தாள். அதனால் இதில் யாரையும் குற்றம் சொல்லாதே, அம்மனையும் சொல்லாதே.

காரியத்தன்று நடந்ததை நீ மறந்திருக்க முடியாது. படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, வடை, வெற்றிலை, புதுப் புடவை எல்லாம் வைத்தோம். உன் பெரியம்மா உள்ளே போய் அந்தச் சிவப்புக் கோட்டு அட்டையையும் எடுத்து வந்தாள். "முழுங்காம உட்டுட்டுப் பூட்டாளே, பாவி. அங்கயாவது முழுங்கட்டும்" என்று இலை ஓரத்தில் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை, எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பிறகு நம் வழக்கப்படி எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போகிற வரைக்கும் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. நீ வேப்ப மரத்தடியில் நின்றிருந்தாய். உள்ளே ஏதோ சத்தம் கேட்டது என்று சரசு சொன்னாள், பூனையாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். கதவைத் திறந்ததும் முதலில் உள்ளே போனவன் நான். இலையில் ஒரு பருக்கைகூடக் கலையவில்லை. அட்டையில் மட்டும் ஒரு குழி கிழிந்திருந்தது, உள்ளே மாத்திரை இல்லை.

நான் அதை யாரிடமும் காட்டவில்லை. அட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பெரியம்மா வைக்கும்போதே கிழிந்திருந்ததா, எலியா, எனக்கு இன்றுவரை தெரியாது. அதைப் பெரியம்மாவிடம் கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. உன் அம்மா வந்தாள், சாப்பிட்டாள் என்று அப்போது நினைத்தேன். அதற்குப் பிறகு அமாவாசைக்கு அமாவாசை படத்துக்கு முன்னால் ஒரு மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தேன். கதவைச் சாத்திவிட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பேன், திறந்தால் மாத்திரை அப்படியே இருக்கும். படைத்ததைக் குப்பையில் போட முடியுமா? சோற்றை நாம் பிரித்துச் சாப்பிடவில்லையா? அப்படியே அதை வாயில் போட்டு, அந்தத் தண்ணீரையே குடித்தேன். என் மாத்திரையைக் காலையிலேயே விழுங்கியிருப்பேன். இரண்டும் ஒரே வயிற்றுக்குள் போகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்று எனக்கு, இன்னொன்று அவளுக்கு. கணக்கு எனக்குச் சரியாக இருந்தது.

அவள் முதலில் வந்தது ஒரு மத்தியானம். படைத்த மாத்திரையை விழுங்கிவிட்டுப் பாயில் சாய்ந்திருந்தேன். மாடு கத்தியது, வெடுக்கென்று எழுந்து நின்றேன். காதுக்குள் தூரத்தில் ரயில் வருகிற மாதிரி ஒரு இரைச்சல். வீட்டுச் சுவர் நாலு பக்கமும் கறுத்துக்கொண்டே வந்தது, நடுவில் வாசற்படி மட்டும் வெளிச்சமாக இருந்தது. அந்த வெளிச்சத்தில் உன் அம்மா நின்றாள். முகம் சரியாகத் தெரியவில்லை. புடவை தெரிந்தது. காரியத்தன்று படையலில் வைத்தோமே, பச்சையில் கடுகுப் பூக் கரை போட்டது, அந்தப் புடவை. அதை அவள் உயிரோடு இருந்தபோது கண்ணால் பார்த்ததில்லை. வைத்த அன்றே பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டோம், அவள் அதை இன்னும் பெட்டியில்தான் வைத்திருக்கிறாள். "வா, ஆறிப்போவுது" என்றாள். காலையில் கஞ்சி ஊற்றி வைத்துவிட்டு அவள் கூப்பிடுகிற அதே குரல். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். கறுப்பு விலகியது. வாசலில் வெயில் மட்டும் இருந்தது. கொட்டகையில் மாடு கழுத்தைத் திருப்பி அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

மாத்திரை விழுங்கினால் அவள் வருகிறாள் என்று எனக்குப் புரிய அதிகக் காலம் ஆகவில்லை. அமாவாசைக்கு இருந்தது வெள்ளிக்கிழமைக்கும் வந்தது. பிறகு எனக்கு நாள் கிழமை தேவைப்படவில்லை. அட்டை தீர்ந்ததும் பட்டாபிராமில் ஒரு மருந்துக் கடையில் காலி அட்டையைக் காட்டினேன். அங்கே வழக்கமாக வாங்குகிறவன்தானே, அந்தப் பையன் எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தான். கிளம்பும்போது மட்டும், "அம்மாவக் காணோமே பெருசு, நல்லா கீறாங்களா?" என்றான். கீறாங்க என்றேன். பொய் சொன்ன மாதிரியே இல்லை. அடுத்த முறை போனபோது, இந்தக் கம்பெனி வரலை, அதே மருந்துதான் என்று பச்சைக் கோடு போட்ட அட்டையைக் கொடுத்தான். எனக்கு எது நீலம், எது பச்சை என்பது விளக்கு வெளிச்சத்தில் தடுமாறும். அதற்குப் பிறகு எத்தனை நாள் என்னுடையதை இரண்டு தரம் விழுங்கினேனோ, எத்தனை நாள் அவளுடையதை இரண்டு தரம் விழுங்கினேனோ. ஒரு தெருவுக்கே பால் கணக்கு வைத்திருந்த தலை இது.

நீ வரும்போதெல்லாம் இளைத்துவிட்டாய் என்பாய். கொட்டகையில் விழுந்து நெற்றி கிழிந்ததை மாடு முட்டிவிட்டது என்று சொன்னேன். அந்த மாடு யாரையாவது முட்டி நீ பார்த்திருக்கிறாயா? கை காலெல்லாம் சில்லிட்டுக் கிடக்கும். பாத்திரத்தைத் தூக்கினால் கை கனக்கும். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது, எழுந்தால் அவள் இருப்பாள் என்று எழுந்திருப்பேன். வரவர அவள் படியைத் தாண்டி உள்ளே வர ஆரம்பித்தாள். எப்போதும் அதே பேச்சுத்தான், வா, ஆறிப்போவுது. எதுடி ஆறிப்போகிறது என்று ஒருநாள் கேட்டேன். உயிரோடு இருந்தவளை ஒரு வார்த்தை கேட்டால் ஒன்பது வார்த்தை திருப்பிக் கேட்பாள். இவள் பதிலே சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன், ஆனாலும் மாத்திரையை விடவில்லை.

ஆடி அமாவாசையன்று படையல் முடித்து, விழுங்கவேண்டியதை விழுங்கிவிட்டு, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் புல் அறுக்கப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. குனிந்து அறுத்துக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்து நிமிர்ந்தேன். இரைச்சல் வந்தது, கறுப்பு வந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கல் குவித்து வைத்திருப்பார்களே, அதன்மேல் பச்சைப் புடவையில் நின்றிருந்தாள். இந்த முறை கையை நீட்டினாள். அப்படி அவள் என்னிடம் கை நீட்டியதே இல்லை, நாலு பேர் பார்க்கும் இடத்தில் என் பக்கத்தில்கூட நிற்க மாட்டாள். நான் நடந்தேன். புல்கட்டு விழுந்தது தெரியும், முட்டியில் சூடான இரும்பு பட்டது தெரியும். காதில் இருந்த இரைச்சல் பெரிதாகிக்கொண்டே வந்தது. இந்த முறை அது நிஜ ரயில்.

யாரோ என் அரைஞாணோடு சேர்த்துப் பிடித்து இழுத்தார்கள். தண்டவாளம் பார்க்கிற கேங்மேன். ரயில் எங்களைத் தாண்டிப் போய் முடிகிற வரைக்கும் என்மேல் படுத்துக் கிடந்தான். பிறகு எழுந்து உட்கார்ந்து பீடியைத் தேடினான். "இன்னா பெருசு, சாவறதுக்கு வேற எடமே கெடைக்கலியா? என் டூட்டில தான் வந்து படுக்கணுமா?" என்றான். அந்தப் பக்கம் என் சம்சாரம் நிற்கிறாள் என்றேன். அவன் எழுந்து நின்று, கண்மேல் கை வைத்துப் பார்த்தான். "யாரும் இல்லியே" என்றான். அதற்கு மேல் கேலி பேசவில்லை. பட்டாபிராம் டாக்டரம்மாவிடம் தன் சைக்கிளிலேயே உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனான்.

டாக்டரம்மா என்னைப் படுக்க வைத்து ஒருமுறை கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். எழுந்து நிற்கச் சொல்லி இன்னொரு முறை பார்த்தார். நிற்கும்போது ரத்த அழுத்தம் தடாலென்று இறங்குகிறது என்றார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. வீட்டில் இருக்கிற எல்லா அட்டையையும், காலி அட்டையையும் விடாமல், ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். கேங்மேன்தான் போய்ப் படத்துக்கு முன்னால் இருந்ததைக்கூட அள்ளிக்கொண்டு வந்தான். மேசைமேல் கொட்டிப் பார்த்துவிட்டு, இது யாருடையது என்றார். அவளுடையது என்றேன். அவங்க எங்கே என்றார். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாகிவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. ஒரு ஆள் மாத்திரையை மட்டும் தாங்குகிற உடம்பு இரண்டு பேர் மாத்திரையை வாங்கியிருக்கிறது, எழுந்து நிற்கும்போது ரத்தம் தலைக்கு ஏறவில்லை, அதனால்தான் கண் இருட்டி, காது இரைந்து, இல்லாததெல்லாம் தெரிகிறது என்று பொறுமையாகச் சொன்னார். எனக்குப் புரிந்தது. புரிந்தாலும் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அவளுடைய மாத்திரையை நிறுத்திவிட்டால் அவள் வரமாட்டாளா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "வரமாட்டாங்க ஐயா. நிறுத்தலைன்னா நீங்க அங்க போயிடுவீங்க" என்றார்.

அவளுடைய மாத்திரைகளை டாக்டரம்மாவே வைத்துக்கொண்டார். என்னுடையதை விட்டுவிடக் கூடாது, கோபத்தில்கூட விடக் கூடாது, திடீரென்று விட்டால் உன் அம்மாவுக்கு ஆனது எனக்கும் ஆகும் என்று சொல்லி அனுப்பினார். அந்த வாரம் முழுக்க நான் எழும்போதெல்லாம் வாசலைப் பார்த்தேன். சுவர் கறுக்கவில்லை. காது இரையவில்லை. வாசல் வெறும் வாசலாக இருந்தது. உன் அம்மாவை நான் இரண்டாம் முறையாக எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது, ஏழுமலை. இந்த முறை அழ ஆள் இல்லை, பறை இல்லை. மாடு மட்டும் இன்னும் சில மத்தியானங்களில் கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்க்கிறது. அதை விற்கச் சொல்கிறாய், விற்றுவிடு.

இதற்குத்தான் இவ்வளவும் சொன்னேன். ஆவடியில் ஒரே டப்பா வேண்டாம். என்னுடையதைப் பின்னறையில் என் பழைய பால் தூக்கில் வை, சம்பந்தியம்மாவுடையதை அவர் அறையில் அவர் கண்ணுக்குத் தெரிகிற டப்பாவில் வை, இரண்டும் குழந்தைக்கு எட்டக் கூடாது, அதற்கு வெள்ளையாக வட்டமாக இருப்பதெல்லாம் மிட்டாய். அட்டையைவிட்டு முன்னாடியே உரித்து வைக்காதே. கடையில் கம்பெனி மாற்றிக் கொடுத்தால் கோட்டின் நிறத்தை நம்பாதே, நீயோ சரசுவோ பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு என் கையில் கொடு. காலையில் ஃபேக்டரிச் சங்கு ஊதும்போது நான் விழுங்குகிறேன், நீ பார்த்துவிட்டு வேலைக்குப் போ. நான் விழுங்கியாயிற்று என்று சொன்னால் நம்பாதே, நாங்கள் கிழடுகள் மாத்திரை விஷயத்தில் கூசாமல் பொய் சொல்லுவோம். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துக் கொடுத்துவிடாதே, டாக்டரைக் கேள். முட்டி வலி என்று நான் கடையில் எதையாவது வாங்கி மடியில் வைத்திருந்தாலும், சம்பந்தியம்மா யாரோ சொன்னார்கள் என்று பொடி கலக்கிக் குடித்தாலும், அதையும் பையில் போட்டு டாக்டரிடம் காட்டு. படுக்கையைவிட்டு எழும்போது கொஞ்சம் உட்கார்ந்து, பிறகு எழு என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இரு. நான் எரிந்து விழுவேன், அதற்காக விடாதே.

சம்பந்தியம்மா அடுத்த மாதம் மாங்காட்டுக்கு ஆறு வாரம் போகப் போவதாகச் சரசு சொன்னாள். போகட்டும். ஆனால் விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று கிளம்புவதற்கு முன்பே அவரை டாக்டரிடம் அழைத்துப் போய்க் கேள். ஒரு வாய் தண்ணீரோடு மாத்திரை விழுங்கினால் அம்மன் கோபித்துக்கொள்வாளா என்று அவர் கேட்டால் என்னிடம் அனுப்பு. அந்தப் பஸ்ஸில் நான் அசையாமல் உட்கார்ந்து வந்ததை அவருக்குச் சொல்கிறேன்.

தை மாதம் உன் அம்மாவுக்கு மூன்றாவது தெவசம் வருகிறது. உன் வீட்டிலேயே படையல் போடலாம். கருவாட்டுக் குழம்பு வை, வடை வை, வெற்றிலை வை, புதுப் புடவை வை. பச்சை வேண்டாம். மாத்திரை வைக்காதே. பெரியம்மா கேட்டாலும் வைக்காதே, உன் அம்மாவின் மாத்திரை வேளை முடிந்துவிட்டது. வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். நான் உன் பக்கத்தில், உன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளே என்ன சத்தம் கேட்டாலும் பூனை என்று நீயே சொல்லிவிடு. கதவைத் திறக்கும்போது நீ முதலில் போ. இலையில் ஏதாவது இடம் மாறியிருந்தால், அதை என்னிடம் சொல்லாதே.

அப்பா